ஊற்ற ஊற்றக் குறையுமா?

“கணக்கு” என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிற்று வலி வந்துவிடுகிறதா? கவலைப்படாதீர்கள், சகோதரிகளே! அநேகமாக எல்லார் வீட்டிலும் அந்த வலி உண்டு. அதற்கு ஒரு மருந்தைச் சமீபத்தில் கண்டுகொண்டேன். குற்றாலத்துக்குப் போன இடத்தில்தான். ஆனால் அது மலை மூலிகையும் அல்ல, அருவி ஸ்நானமும் அல்ல!

நல்ல சாரல் காலம். மெயின் அருவியில் வெள்ளம் அதிகமாகி, குளிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். வந்த காரியம் கெட்டது. சரி, தென்காசியில் இருக்கும் சிநேகிதியையாவது பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினேன்.

திண்ணையில் அவளுடைய பெண், ஆறாம் வகுப்புக்காரி, செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“விளையாட்டா?” என்றேன்.

“இல்ல அத்தை, நாளைக்கு டீச்சர் எடுக்கப் போற பாடம். இன்னைக்கே பார்த்துட்டு வரணும்” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். டீச்சர் பேசும் படம் ஐந்தாறு நிமிஷத்துக்கு ஓடியது. பிறகு திரையில் ஒரு பானை வந்து நின்றது. அதில் பாதி தண்ணீர். ‘இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் எவ்வளவு ஆகும்?’ என்று கேள்வி. பெண் மளமளவென்று மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, ‘ஐந்தில் இரண்டு’ என்று போட்டாள். நீங்களும் நானும் அந்த வயதில் போட்ட அதே தப்பு!

சிவப்புப் பெருக்கல் குறி வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பானையில் அவள் சொன்ன அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதாவது, பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது!

“ஐயையோ! ஊத்த ஊத்தக் குறையுதே!” என்று சிரித்தாள் பெண்.

சிரித்தவள் யோசித்தாள். பானையைக் கோடு போட்டுப் பிரிக்க ஒரு பொத்தான் இருந்தது. நான்காகப் பிரித்தாள்; மூன்றில் ஒரு பங்கு சரியாக விழவில்லை. ஆறாகப் பிரித்தாள். பாதி என்பது மூன்று கோடு. மூன்றில் ஒன்று இரண்டு கோடு. ஆக ஆறில் ஐந்து! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பானைதான் சொல்லிக் கொடுத்தது.

இதற்குத் ‘தலைகீழ் வகுப்பு’ என்று பெயர் சொல்லலாம். பள்ளியில் பாடம், வீட்டில் கணக்கு என்பது பழைய வழக்கம். இங்கே பாடம் வீட்டில், கணக்கு பள்ளியில். அமெரிக்காவில் கொலராடோ மலைப் பிரதேசத்தில் உள்ள உட்லண்டு பார்க் என்ற ஊரில், 2007-ல் ஜோனதன் பெர்க்மன், ஏரன் ஸாம்ஸ் என்ற இரண்டு ரசாயன ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் படம் பிடித்து வைத்தார்கள். பாடத்தை வீட்டிலேயே கேட்டுவிட்டால் வகுப்பில் என்ன வேலை? திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதுதான்! யோசித்துப் பாருங்கள்: இரவு எட்டு மணிக்குக் குழந்தை கணக்கில் சிக்கிக்கொண்டு அழும்போது டீச்சரா பக்கத்தில் இருக்கிறார்? நாம்தான் இருக்கிறோம், அடுப்பில் குழம்பும் கையில் கரண்டியுமாக!

ஆனால் விளையாட்டென்று சொல்லி வருவதெல்லாம் பாடமாகிவிடாது. சரியான விடை சொன்னால் பலூன் வெடிக்கும், நட்சத்திரம் விழும். அங்கே கணக்கு வேறு, விளையாட்டு வேறு. கணக்கு வெறும் சுங்கச் சாவடி. பானையில் அப்படியில்லை, கணக்கேதான் விளையாட்டு. தப்புச் செய்தால் அந்தத் தப்பே வாய் திறந்து பேச வேண்டும். கடிகாரம் வைத்து விரட்டவும் கூடாது. பயந்த பிள்ளை யோசிக்காது, ஊகித்துத் தள்ளும். யார் எந்த இடத்தில் திணறினார்கள் என்ற விவரம் டீச்சருக்கும் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் மறுநாள் யார் பக்கத்தில் உட்காருவதென்று அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 2018-லிருந்து வந்த தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களைப் புரட்டுங்கள். கணக்குப் பாடத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று பக்கங்கள் இருக்கும். அவற்றில் பல, ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் செய்தவை. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை ‘மணற்கேணி’ என்று ஒரு செயலியே வெளியிட்டது. குறளில் வரும் பெயர். தோண்டத் தோண்ட ஊறுமல்லவா? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி வயலுக்கு நடுவே உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறது. வயலுக்கு நடுவே அதெல்லாம் எழுதும்போது, ஆறாம் வகுப்புக்கு ஒரு பானை செய்ய முடியாதா?

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சிநேகிதி வீட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் செல்போன் வீட்டில் இருந்தது. மற்ற நாட்களில் அது அவரோடு கடைக்குப் போய்விடும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ செல்போனே இல்லை. மறுநாள் வகுப்பில் அவள் மட்டும் விழிக்க வேண்டியதுதானா? பாடம் அமைப்பவர்கள் முதலில் நினைக்க வேண்டியவள் அவள்தான். அவளுக்குப் பள்ளிக் கணினியில் பத்து நிமிஷம் ஒதுக்கலாம்; அதே பானையைத் தாளில் வரைந்து கொடுக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி உள்ளே போய்ப் பல்லாங்குழிப் பலகையோடு வந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் முன் ஆறு சோழியை வைத்தார்கள்.

“ஏட்டி, இதுல பாதி எத்தனை?”

“மூணு, ஆச்சி.”

“மூணுல ஒரு பங்கு?”

“ரெண்டு.”

“ரெண்டையும் சேத்தா?”

“அஞ்சு! ஆறுல அஞ்சு, ஆச்சி!”

கரண்டோ சார்ஜோ வேண்டாத கம்ப்யூட்டர்!

உங்கள் குழந்தை இன்று ராத்திரி கணக்கில் தப்புப் போட்டால், “தப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். “எப்படிக் கண்ணு இந்த விடை வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். கணக்கு பிடித்துவிடும்!