சங்கத்தில் இட்ட பணத்துக்கு யார் பொறுப்பு?
பிற தேசத்துப் பாங்கி முறைகளும் நமது முறையும்

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் மகாஜன சபை கூடும்போது அங்கத்தினர்கள் இன்ஸ்பெக்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஊரிலே சங்கம், அதற்கு மேல் ஜில்லாவில் மத்திய கூட்டுறவு பாங்கி, அதற்கு மேல் சென்னையில் தலைமைக் கூட்டுறவு பாங்கி, அதற்கும் மேல் மும்பையில் நபார்டும் ரிசர்வ் பாங்கியும். நாலு மூட்டை உரம் வாங்கும் கடனுக்கு இத்தனை படிகள் எதற்கு? டவுன் பாங்கியில் நேராகவே கொடுக்கிறார்களே!" என்பது அக்கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் இதைவிட முக்கியமான வேறொன்றை எவரும் கேட்பதில்லை. ஒரு கெட்ட காலம் வந்தால், சங்கத்தில் நாம் இட்டிருக்கும் டிபாஸிட்டுக்கு யார் பொறுப்பு என்பதே அது. இவ்விரண்டுக்கும் விடை சொல்ல வேண்டுமாயின், பிற தேசத்தார் தங்கள் பாங்கிகளை எவ்விதம் அமைத்திருக்கிறார்கள் என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

பாங்கித் தொழிலின் சூட்சுமம் ஒன்றே. பலரிடம் வாங்கிய பணத்தைக் கேட்டபோது திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி, அதே பணத்தை ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ கடனாகக் கொடுத்து வைப்பதுதான் அது. பணம் போட்டவர் எல்லோரும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால், எவ்வளவு யோக்கியமான பாங்கியும் கொடுக்க முடியாது. பணம் மரவள்ளித் தோட்டத்திலும் நிலக்கடலைக் காட்டிலும் அல்லவா இருக்கிறது! அந்த ஒரு நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதில்தான் ஒரு தேசத்தின் முறை மற்றொன்றினின்று வேறுபடுகிறது.

இங்கிலாந்தில் முதல் உலக யுத்தம் முடிவதற்குள் பாங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரும் பாங்கிகள் ஐந்தே என்னும் நிலை ஏற்பட்டது. கனடாவிலும் பத்துப் பதினொரு பாங்கிகளே தேசமெங்கும் கிளைகள் வைத்திருந்தன. ஓரிடத்தில் விளைவு பொய்த்தால் வேறிடத்து லாபம் அதை ஈடு செய்யும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ பட்டணத்துப் பெரும் பாங்கிகளிடம் ஜனங்களுக்குச் சந்தேகம் அதிகம். பல ராஜ்யங்களில் கிளை வைப்பதையே சட்டம் தடுத்தது அல்லது குறுக்கியது. ஊருக்கு ஒரு பாங்கி. அதன் டைரக்டர்களும் கடன்காரரும் டிபாஸிட்தாரரும் அவ்வூராரே. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோதுமையும் பருத்தியும் விலை விழுந்தபோது, கடன் வாங்கியவனால் கட்ட முடியாமற் போன அதே வாரத்தில் டிபாஸிட்தாரனும் வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்டு வந்தான். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 அமெரிக்கப் பாங்கிகள் கதவடைத்தன. அதே விலை வீழ்ச்சியை அனுபவித்த கனடாவில் அக்காலத்தில் ஒரு பாங்கியும் முறியவில்லை.

சிறு பாங்கிக்கு ஊராரின் நாணயம் தெரியும். ஆனால் ஊரின் மழையோடு அதுவும் உயர்ந்து தாழும். பெரும் பாங்கி ஒரு மழை பொய்த்ததற்கு அசையாது. ஆனால் அதன் ஏஜெண்டுக்கு நம் ஊர்க் குடியானவனைத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். இவ்விரண்டு குறைகளும் இல்லாத ஒரு வழியைத் தேடிக் கண்டவர்கள் ஜெர்மானியர்.

ரைபைஸன் என்பவர் மேற்கு ஜெர்மனியில் ஒரு மலைப் பிரதேசத்துக் கிராமங்களுக்கு நிர்வாகத் தலைவராக இருந்தவர். 1846-47 பஞ்சத்தில் தம் ஊராருக்குத் தானியமும் ரொட்டியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். முதலில் தனவந்தர்களின் தருமத்தைக் கொண்டே காரியத்தை நடத்தினார். தருமம் நீடித்து நிற்காது என்பதைக் கண்டு, 1864-இல் ஹெட்டெஸ்டார்ப் என்னும் ஊரில், கடன் வாங்குகிறவர்களே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கத்தை அமைத்தார். ஒரு சிற்றூர் எல்லைக்குள் ஒரு சங்கம். லாபத்தைப் பங்கிட்டுக் கொள்ளாமல் சேம நிதியில் சேர்த்தல். எல்லாவற்றுக்கும் மேலாக வரம்பிலாப் பொறுப்பு. அதாவது, சங்கம் கடன் பட்டால் ஒவ்வோர் அங்கத்தினரின் சொத்தும் அதற்குக் கட்டுப்படும். அடுத்த வீட்டுக்காரன் கடன் வாங்கிக் கலியாணத்தில் செலவழித்தால் நம் நிலத்துக்கும் ஆபத்து என்று தெரிந்தால், எவன் தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பான்?

ஒரே ஊரின் மழையை நம்பிய சங்கம் என்னும் குறை அப்போதும் இருந்தது. அதை நீக்க 1876-இல் நாய்வீட் நகரில் சங்கங்களுக்கென்று ஒரு மத்திய பாங்கி ஏற்படுத்தப்பட்டது. மிகுதிப் பணமுள்ள சங்கம் அங்கே போட்டது. குறைவுள்ள சங்கம் அங்கிருந்து எடுத்தது. கீழ்த்தளத்தைக் கட்டியவர்களே மாடியையும் கட்டினார்கள் என்பதைக் கவனிக்கவும். பிரஷ்ய ஸர்க்கார் தன் மத்திய பாங்கியோடு உதவிக்கு வந்தது 1895-இல்தான். அங்கே தணிக்கையும் சங்கங்களின் சம்மேளனத்தாரே நடத்துவது. 1889-ஆம் வருஷச் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 1934-இல் ஒவ்வொரு சங்கமும் ஒரு தணிக்கைச் சம்மேளனத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய அக்காலந்தொட்டு, ஒரு கூட்டுறவு பாங்கி தள்ளாடினால் மற்றவை பொதுநிதியிலிருந்து அதைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடும் நடந்துவருகிறது. அண்டை ஊர்ச் சங்கத்தின் நஷ்டம் தம் தலையில் விழும் என்பதால், அண்டை ஊர்க் கணக்கைப் பார்ப்பதிலும் அவர்களுக்கு அக்கறை உண்டு. படிகளையும் அவர்கள் குறைத்துவிட்டார்கள். 2016 முதல் உள்ளூர்ப் பாங்கிகளுக்கு மேல் ஒரே தலைமைப் பாங்கிதான். அதே வருஷம் ஹாலந்து தேசத்தில் ஊர்தோறும் இருந்த கூட்டுறவு பாங்கிகள் யாவும் ஒரே பாங்கியாக ஒன்றிவிட்டன.

இந்த ஜெர்மானிய முறையை இந்தியாவுக்கு எடுத்துச் சொன்னது நமது சென்னை மாகாணமே. நமக்கு அண்டையான கோயம்புத்தூரில் கலெக்டராக இருந்த பிரெடெரிக் நிக்கல்ஸன் என்பவரைச் சென்னை ஸர்க்கார் 1892-இல் இவ்வாராய்ச்சிக்கு நியமித்தது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஐரோப்பியப் பாங்கிகளோடு நம் நாட்டு நிதிகளையும் அவர் ஆராய்ந்தார். மயிலாப்பூர் ஹிந்து பர்மனெண்ட் பண்டு முதலிய நிதிகள் எந்த ஸர்க்காரையும் கேளாமல் நம்மவர் தாமே ஏற்படுத்திக் கொண்டவை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிக்கல்ஸனின் முடிவு, ரைபைஸன் முறையே நம் கிராமங்களுக்குப் பொருந்தும் என்பது. 1904-இல் சட்டம் வந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் பதிவாயிற்று. மறு வருஷம் சென்னையில் ஏற்பட்ட மத்திய நகர பாங்கியே பின்னர் இன்றைய தலைமைக் கூட்டுறவு பாங்கியாக வளர்ந்தது. 1912-ஆம் வருஷச் சட்டம் மத்திய பாங்கிகளுக்கும் இடங்கொடுத்தது.

தேதிகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஊர்ச் சங்கங்கள் பெருகித் தங்கள் மிகுதிப் பணத்தைக் கொண்டு மேல் பாங்கியைக் கட்டவில்லை. ரிஜிஸ்டிராரும் மேல் பாங்கியும் முதலில் வந்தனர். சங்கங்கள் பின்னால் பெருகின. இவ்விஷயத்தில் நாம் ஜெர்மனியைவிடப் பிரான்ஸையே ஒத்திருக்கிறோம். அங்கே 1897-இல் பிரான்ஸ் பாங்கியிடமிருந்து ஸர்க்கார் பெற்ற நாலு கோடி பிராங்கு முன்பணத்தைக் கொண்டு, 1899-ஆம் வருஷச் சட்டப்படி பிராந்திய விவசாய பாங்கிகள் ஏற்படுத்தப்பட்டன. கீழ்த்தளம் ரைபைஸன், மாடி பிரெஞ்சு என்று நமது கட்டடத்தைச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் அம்மாடியிலிருந்தே உலகப் பெரும் பாங்கிகளில் ஒன்றை வளர்த்துக் கொண்டார்கள். ஆதலால் மேலிருந்து கட்டுவதே தவறென்று சொல்வதற்கில்லை.

நமக்கு நேர்ந்தது வேறு. 1951-52-இல் ரிசர்வ் பாங்கியார் நடத்திய கிராமக் கடன் விசாரணையில், குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பாகம் நூற்றுக்கு மூன்றே என்று தெரிந்தது. லேவாதேவிக்காரரின் பாகம் ஏறக்குறைய எழுபது. அதன் பின் ஸர்க்காரே பங்குதாரராகச் சேர்ந்து முதல் கொடுத்தது. வரம்பிலாப் பொறுப்பும் மெள்ள மெள்ள மறைந்தது. கடன் பெருகியது உண்மை. உரிய தவணையில் கட்டுபவருக்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லாமல் இன்று தமிழ்நாட்டில் கிடைக்கிறது. ஆகவே படிகளால் வட்டி ஏறுகிறது என்பது தவணை தவறாத பயிர்க்கடன்காரரைப் பொறுத்தவரையில் பொருந்தாது. 2021-இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனையும் ஸர்க்கார் தள்ளுபடி செய்தது. இவை குடியானவனுக்குப் பெரிய உபகாரம். ஆனால் கடன் வாங்க மட்டும் சங்கம், சேமிக்க வேறிடம் என்னும் பழக்கமும் இதனோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரனின் பாக்கி நம்மைத் தொடும் என்னும் எண்ணம் போய்விட்டது. உண்மையில் அது தொடத்தான் செய்கிறது.

படிகள் வேண்டுமா என்ற கேள்விக்கு, அவசியம் மூன்று வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை என்பதே பதில். மேலே ஒரு படியாவது இருந்தால்தான் ஒரு ஊரின் குறையை மற்றோர் ஊரின் மிகுதி நிரப்பும். ரிசர்வ் பாங்கி வழியாகவும், 1982 முதல் நபார்டு வழியாகவும் வரும் பணமும் அப்படி வழியாகவே இறங்கும். அண்டையிலுள்ள கேரளத்தில் 2019-இல் ஜில்லா பாங்கிகளை மாநில பாங்கியோடு இணைத்து ஒரு படியைக் குறைத்தார்கள். நம்மிடம் மூன்றும் நிலைத்திருக்கின்றன.

இனி டிபாஸிட்டைப் பற்றி. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதன் விளைவாகவே மறு வருஷம் இந்தியன் பாங்கி தோன்றியது. 1938-இல் திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கியும், 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கியும் விழுந்தன. அமெரிக்கர் 1933-இல் சட்டம் செய்து கண்ட டிபாஸிட் இன்ஷுரன்ஸ், நம் தேசத்தில் 1962 ஜனவரி முதல் ஆளுக்கு 1,500 ரூபாய் வரையில் அமுலுக்கு வந்தது. 2020 பிப்ரவரி முதல் அவ்வரம்பு, வட்டி உட்பட, ஐந்து லட்சம். நாமக்கல்லுக்கு ஆற்றைத் தாண்டினால் கரூர். அங்கே 1926-இல் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கி 2020 நவம்பரில் தடுமாறியபோது, சில நாட்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். பிறகு அது சிங்கப்பூர்ப் பாங்கி ஒன்றின் இந்தியக் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. டிபாஸிட்தாரருக்கு நஷ்டமில்லை, பங்குதாரருக்கோ ஒரு காசும் மிஞ்சவில்லை.

இந்த ஐந்து லட்ச இன்ஷுரன்ஸ் வர்த்தக பாங்கிகளுக்கும், நகரக் கூட்டுறவு பாங்கிகளுக்கும், ஜில்லா மத்திய பாங்கிக்கும், மாநிலத் தலைமைப் பாங்கிக்கும் உண்டு. நமது ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. சட்டப்படி அது பாங்கியே அன்று. அப்பெயரை வைத்துக் கொள்ளவும் அதற்கு அனுமதியில்லை. ஊரார் பேச்சில் "நம்ம பாங்கி" என்று சொல்வதால் சட்டம் மாறிவிடாது. சங்கம் நம் டிபாஸிட்டை மத்திய பாங்கியில் போட்டு வைத்திருந்தாலும், இன்ஷுரன்ஸ் கணக்கில் சங்கம் ஒரே டிபாஸிட்தாரர். முந்நூறு பேரின் பணமாயினும் வரம்பு அதே ஐந்து லட்சந்தான். ஜெர்மானியக் கிராமத்தானுக்குப் பின்னால் நிற்கும் பொதுநிதியைப் போன்றதொன்று நமக்கும் உண்டென்று எண்ணிக்கொண்டு யாரும் இருந்துவிடலாகாது. நமக்குப் பின்னால் நிற்பவை சங்கத்தின் சேம நிதியும், வசூலாகும் கடனும், பஞ்சாயத்தாரின் விழிப்புமே.

இதனால் டிபாஸிட்டைத் திரும்ப எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எல்லோரும் எடுத்தால் நல்ல சங்கமும் விழும் என்று முன்னமே கூறினேன். கணக்கைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். அடுத்த மகாஜன சபையில் தணிக்கை அறிக்கை வாசிக்கப்படும்போது மூன்று தொகைகளைக் குறித்துக் கொள்ளவும்: மொத்த டிபாஸிட் எவ்வளவு, அதில் கேட்டவுடன் எடுக்கக்கூடியபடி மத்திய பாங்கியில் இருப்பது எவ்வளவு, தவணை தவறிய பாக்கி எவ்வளவு. பாக்கித் தொகையை ஒரே இலக்கமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், நகைக்கடன் பாக்கி வேறு, பயிர்க்கடன் பாக்கி வேறு என்று பிரித்துக் கேட்கவும். முன்னதற்குப் பெட்டியில் நகை இருக்கிறது. அந்நகையை யார், எப்போது, எத்தனை பேர் முன்னிலையில் சரிபார்த்தார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். பின்னதற்கு வயலில் பயிர் இருந்தது. அறுவடையான பின்னும் பாக்கி நிற்குமாயின், யார் பேரில் எத்தனை வருஷமாக நிற்கிறது என்று பேரேட்டைத் திறந்து காட்டும்படி காரியதரிசியைக் கேட்கலாம்.