புதுக் காருக்கு சிந்தெடிக் ஆயில் எப்போது?

கொல்லிமலை ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலை மேல் ஊர்கள் சுமார் 3 ஆயிரம் அடி முதல் 4 ஆயிரம் அடி உயரத்தில் உள்ளன. அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோவில் எல்லாம் அங்கேதான். ஆடிப் பெருக்கு நாளிலும் வல்வில் ஓரி விழாவிலும் மலைச் சாலையில் கார்களும் வேன்களும் சாரை சாரையாகப் போகும்.

அந்தக் கூட்டத்தில் மாலை போட்ட புதுக் காரும் இருக்கும். மாதத் தவணையில் வாங்கிய கார். பல வருடச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

கார் வந்த நாளிலேயே வீட்டில் ஒரு வாதம் தொடங்கிவிடும்.

"சிந்தெடிக் ஆயில்தான் நல்லது. உடனே மாற்றிவிடுங்கள், மாமா!" என்பார் மருமகன்.

"புது என்ஜினுக்கு அது ஆகாது. 5 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடட்டும்!" என்பார் மாமனார்.

இருவரில் யார் சொல்வது சரி?

ஆயில் செய்யும் வேலை

காரின் என்ஜினுக்குள் சிலிண்டர் என்ற உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று என்ற வேகத்தில், ஒரே வினாடியில் பிஸ்டன் 50 தடவை மேலே போய்க் கீழே வந்துவிடும்.

இரும்போடு இரும்பு உரசினால் தேயும். சூடேறும். கடைசியில் ஒன்றோடு ஒன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுப்பது ஆயில். தலைமயிரை விட மெல்லிய ஏடாக அது நடுவில் நிற்கிறது. சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. அழுக்கையும் அரித்துக்கொண்டு போகிறது. ஒரு சிறிய காரில் இந்த வேலையைச் செய்வது 3 அல்லது 4 லிட்டர் ஆயில்தான்.

கொத்திய ஆட்டுக்கல்

ஆட்டுக்கல்லைப் புதிதாகக் கொத்தினால், அன்றே அதில் இட்லிக்கு மாவு ஆட்டுவதில்லை. முதலில் தவிட்டைப் போட்டு ஆட்டி, கல் தூளை வெளியேற்றிக் கழுவுவார்கள். குழவியும் கல்லும் ஒன்றுக்கொன்று பழகிய பிறகுதான் மாவு.

என்ஜினும் அப்படியே. சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவதற்காக அந்தக் கோடுகள். பிஸ்டனைச் சுற்றி ரிங் என்ற வளையங்கள் இருக்கின்றன. இந்த ரிங்குகள் சுவரோடு உரசி, மேடு தட்டி, சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ஜின் ஆயிலைக் குடிக்கும். பின்னால் நீலப் புகை வரும்.

பழைய கார்களில் இந்தப் பொருத்தம் சாலையில்தான் நடந்தது. அம்பாசடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களை வாங்கியவர்கள் முதல் சில நூறு மைல் வரை மெதுவாகவே ஓட்டினார்கள். பிறகு கருத்துப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார்கள். வடித்த ஆயிலில் பளபளவென்று இரும்புத் தூள் மின்னும். மாமனாரின் எச்சரிக்கை அந்தக் காலத்து அனுபவம். அன்றைக்கு அது சரியாகவே இருந்தது.

சிந்தெடிக் ஆயில் என்பது என்ன?

சாதாரண ஆயில், பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து கிடைப்பது. அதில் பெரியதும் சிறியதுமாகப் பல அளவு மூலக்கூறுகள் கலந்திருக்கும். கம்பும் சோளமும் நொய்யும் கலந்த மூட்டை மாதிரி.

சிந்தெடிக் ஆயிலை ரசாயன முறையில் தயாரிக்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். சலித்து எடுத்த தானியம் மாதிரி. அதனால் கடும் சூட்டில் அது சீக்கிரம் கெடுவதில்லை. குளிரில் கெட்டியாவதும் குறைவு.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் பெட்ரோலியத்துக்குப் பஞ்சம். அங்கே விஞ்ஞானிகள் செயற்கை ஆயில் தயாரிப்பதில் இறங்கினார்கள். போருக்குப் பிறகு ஜெட் விமானங்களுக்கு அது பயன்பட்டது. அமெரிக்காவில் 1972-ல் ஆம்சாயில் என்ற கம்பெனியும், 1974-ல் மொபில் கம்பெனியும் கார்களுக்கான சிந்தெடிக் ஆயிலைக் கடைக்குக் கொண்டுவந்தன.

கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு மாற்றி அமைத்துத் தயாரிக்கும் ஆயிலும் இன்று சிந்தெடிக் என்ற பெயரில் விற்பனையாகிறது. அப்படிப் பெயர் வைக்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்டிரால் கம்பெனிக்கும் தகராறு வந்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பு 1999-ல் காஸ்டிரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பயம் வந்த கதை

"சிந்தெடிக் ஆயில் வழுக்கல் அதிகம். ரிங் உரசாது. உரசாவிட்டால் பொருந்தாது." இதுதான் பழைய பயம். அக்காலத்து என்ஜின்களின் உள்சுவர் கரடுமுரடாக இருந்ததால் இந்தப் பேச்சு நிலைத்துவிட்டது.

இன்று நிலைமை வேறு. சிலிண்டர் சுவரின் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே எந்திரம் தட்டிச் சமன் செய்துவிடுகிறது. ரிங்குகளும் நுணுக்கமாகச் செய்யப்படுகின்றன. உரசிப் பொருந்த வேண்டிய மிச்சம் மிகக் குறைவு. அமெரிக்காவின் கார்வெட் கார்கள் 1992 முதல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே சிந்தெடிக் ஆயிலோடு வருகின்றன. அவற்றின் ரிங்குகள் பொருந்தாமல் போகவில்லை. இன்று பல கம்பெனிகள் இதையே செய்கின்றன.

அப்படியானால் எப்போது மாற்றுவது?

பதில் காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. மூன்று வகையாக அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை: புத்தகத்தில் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலைச் சொல்லியிருந்தால், அது அநேகமாக சிந்தெடிக் ஆயில்தான். தொழிற்சாலையிலேயே ஊற்றியாகிவிட்டது. மாற வேண்டிய கேள்வியே இல்லை.

இரண்டாம் வகை: சாதாரண ஆயிலும் போதும் என்று புத்தகம் சொல்கிறது. அப்போது தொழிற்சாலை ஊற்றிய ஆயிலை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம். புத்தகம் குறித்த முதல் ஆயில் மாற்றம் வரும்போது, அதே எண் உள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. பல கார்களுக்கு ஆயிரம் கிலோ மீட்டரில் நடக்கும் முதல் இலவச சர்வீசில் சோதனை மட்டும்தான் நடக்கும். ஆயில் மாற்ற மாட்டார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகை: பழைய என்ஜினைப் பிரித்து, ரீபோர் செய்து, புது ரிங் போட்ட வண்டி. நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கு இது பழக்கமான வேலை. இங்கே மாமனார் சொல்வது இன்றும் செல்லும். முதலில் சாதாரண ஆயிலில் ஓட்டி, மெக்கானிக் சொல்லும் தூரத்தில் அதை வடித்துவிட்டு, பிறகுதான் சிந்தெடிக்.

ஆக, புதுக் காரைப் பொறுத்தவரை 5 ஆயிரம் என்ற கணக்கும் இல்லை. உடனே மாற்றும் அவசரமும் இல்லை.

டப்பாவில் உள்ள எண்

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று அச்சிட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும்.

கெட்டி ஆயில் நல்லது என்று புத்தகத்தில் இல்லாத எண்ணை ஊற்றுவது தவறு. மெல்லிய ஆயிலுக்காகச் செய்த என்ஜினில் கெட்டி ஆயில் போனால் பெட்ரோல் செலவு கூடும். வாரண்டி காலத்தில் என்ஜின் கெட்டால், கம்பெனி கைவிரிக்கவும் இடம் உண்டு. ஆயில் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைப்பது நல்லது.

மலை ஏறும்போது

மலையில் கார் மெதுவாக நகரும். ஆனால் என்ஜின் வேகமாகச் சுற்றும். தாழ்ந்த கியரில் பாரத்தை இழுக்கும். எதிர்க்காற்று குறைவு. ஆகவே சூடு அதிகம். சிந்தெடிக் ஆயிலின் பலன் தெரிவது இங்கேதான்.

வாங்கிய முதல் ஆயிரம் கிலோ மீட்டருக்குள் மலைக்குப் போகிறவர்கள் ஆட்களையும் மூட்டைகளையும் அளவாக ஏற்ற வேண்டும். என்ஜினை அலற விடக் கூடாது. அதே சமயம், உயர்ந்த கியரில் திணற விடவும் கூடாது. புது என்ஜினை ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டக் கூடாது என்பது விதி. கொல்லிமலையின் 70 வளைவுகள் அந்த விதியைத் தாமாகவே காப்பாற்றிவிடும்! இறங்கும்போதும் தாழ்ந்த கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிகள் உண்டு. மிளகும் பலாவும் வாழைத்தாரும் ஏற்றி வரும் வேன்கள் அவை. இந்த மாதிரி உழைப்பைக் 'கடும் உபயோகம்' என்று பல கார்ப் புத்தகங்கள் தனியாகக் குறிக்கின்றன. அவற்றுக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். சிந்தெடிக் ஊற்றியாயிற்று என்று தவணையைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டி ஓடாமல் நின்றாலும் புத்தகம் சொல்லும் மாதக் கணக்கில் மாற்றத்தான் வேண்டும்.

மலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்சு வழுக்கலாம். ஏற்றத்தில் அது ஆபத்து. மோட்டார் சைக்கிளுக்கு என்று தயாரித்த ஆயிலையே வாங்க வேண்டும்.

அளவு பார்ப்பது எப்படி?

எந்த ஆயிலானாலும் குறைந்துபோனால் என்ஜின் தப்பாது. மாதம் ஒரு முறையும், மலைப் பயணத்துக்கு முன்பும் அளவு பார்க்க வேண்டும். அதைக் காரவள்ளிக்கு வருவதற்கு முன்பே, சம தரையில் பார்ப்பது நல்லது. சரிவில் நிற்கும் காரில் அளவு தப்பாகக் காட்டும்.

என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அளவு பார்க்கும் குச்சியை உருவி, சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுக்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இருந்தால் சரி. மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். ஆயில் கருத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அழுக்கை அது சுமக்கிறது என்று பொருள். ஆனால் மோர் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக் கூடும். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

ஓடும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களே என்ஜினை இறுகிப் பிடிக்க வைத்துவிடும். அதன்பின் வருவது ஆயில் செலவு அல்ல, என்ஜின் செலவு.