காதுக்குக் கேட்கும் கணக்கு

அமெரிக்காவின் அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற இசையமைப்பாளர் 2006-இல் ஓர் அறையை அமைத்தார். வாத்தியமும் கிடையாது, வித்வானும் கிடையாது; ஆனாலும் ஒலி வந்துகொண்டே இருக்கும். நிலநடுக்கமானிகள் அனுப்பும் எண்கள் கனத்த முரசொலியாகின்றன. வடதுருவ ஒளி தோன்றும் வேளையில் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாகும் சலனம் மணியோசையாகிறது. சூரியன் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பகலொலியும் இரவொலியும் மாறுகின்றன. எல்லாம் அந்தந்த நேரத்து அளவுகள். நேற்றுக் கேட்டது இன்று இராது.

இதென்ன வேடிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம். என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்குத் தோன்றாது. வண்டி நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் கண்டது மொத்தென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தப்பியது காதில் சிக்கிவிடும். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியின் ‘டிக் டிக்’ ஓசையும் இதே வழிதான்.

ஆனால் எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்று முடிவு செய்வது பூமி அல்ல, மனிதன். நம் டில்லிக் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம் 2.5 என்னும் நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. காற்றில் 50 இருக்கும் ஒரு நாளில், 60-ஐ எல்லையாக வைத்தால் தம்பூரா சுத்தமாக ஒலிக்கும். 15-ஐ வைத்தால் அபஸ்வரம் காதைப் பிளக்கும். காற்று என்னவோ ஒன்றுதான். அதைச் சுவாசிக்கும் குழந்தையும் ஒன்றுதான்.

ஆகவே சும்மா உட்கார்ந்து கேட்கும் படைப்பைவிட, கேட்பவர் கையில் ஒரு குமிழைக் கொடுக்கும் படைப்பே எனக்கு உசத்தி. இப்படித் திருகினால் 60, அப்படித் திருகினால் 15. யார் எந்த எல்லையை வைத்தார்கள் என்று பத்து வயசுப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பொருள் செலவும் அதிகமில்லை. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் வைக்கலாம். கணிப்பொறி தெரிந்த பிள்ளைகள் முன்வந்தால், பெட்டியும் குமிழும் நான் செய்து தருகிறேன்.