நிக்காஹ்வுக்கு முன் எடை குறைக்கும் ஊசி: ஒரு எச்சரிக்கை

2025-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோ, வெகோவி ஆகிய வார ஊசிகளை மணப்பெண் இளைக்கட்டும் என்று போடும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறோம். கர்ப்பத்தில் இவை பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. விலங்குச் சோதனைகளில் கருவுக்குப் பாதிப்பு தெரிந்தது. ஊசியை நிறுத்தினாலும் மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கும். எனவே கருத்தரிக்க நினைப்பதற்கு முன்பே வெகோவியை 2 மாதமும், மவுன்ஜாரோவை 1 மாதமும் நிறுத்தியிருக்க வேண்டும். நிக்காஹ் தேதியை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்கலாம். கருத்தடை மாத்திரையின் பலனையும் மவுன்ஜாரோ குறைக்கக்கூடும்.

நாள் தள்ளினால் அடுத்த ஊசி வேண்டாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயந்துபோய்க் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். சர்க்கரை நோய்க்காகப் போடுபவர்கள் அன்றே போக வேண்டும். பெரும்பாலும் இன்சுலினுக்கு மாற்றுவார்கள்.