கும்மிடிப்பூண்டியிலிருந்து மார்க்கா: இரவுகளை எண்ணுங்கள்

லடாக் மலைநடை என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். மார்க்கா பள்ளத்தாக்குக்கு அது பொருந்தாத கேள்வி. எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்பதே அங்கே கணக்கு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவரின் உடம்பு கடல்மட்டக் காற்றுக்குப் பழகியது. பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லடாக்கின் லே நகரம். உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். திடகாத்திரமான இளைஞர்களுக்கும் வரும். தடா அருவிக்கு வாராவாரம் ஏறிப் பழகுங்கள், கால்களுக்கு நல்லது. ஆனால் அந்தப் பயிற்சி நுரையீரலை உயரத்துக்குத் தயார் செய்யாது. அதைச் செய்வது நாட்கள் மட்டுமே.

ஆகவே லேயில் மூன்று இரவு. முதல் நாள் படுத்தே இருங்கள், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்; சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

நாலாம் நாள் வண்டியில் சில்லிங் போய், ஸ்கியு கிராமம் வரை நடை. ஸ்கியு லேயைவிடச் சற்றுத் தாழ்வு என்பது நமக்கு வரம். அடுத்த இரவு மார்க்கா கிராமம், ஏறக்குறைய 3,800 மீட்டர். அது முழுநாள் நடை. பிறகு ஹங்கர், சுமார் 4,000. அதுவரை ஊருக்கு ஊர் வீட்டில் தங்கலாம். அதற்கு மேல் கிராமமே இல்லை. அடுத்துத் தங்கும் நிமலிங் மேய்ச்சல்வெளி 4,800 மீட்டரில், கூடாரங்களுடன் இருக்கிறது. மூவாயிரத்துக்கு மேலே போய்விட்டால் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. இங்கே ஒரே தாவலில் 800. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஹங்கரில் இன்னொரு இரவு தங்கி, பகலில் மேலே ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். அந்த ஒரு நாளை விடுப்புக் கணக்கில் வெட்டாதீர்கள். தலைவலி குறையாமல் நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

விமானத்தில் போனால் மொத்தம் 12 நாள் விடுப்பு வேண்டும். டெல்லி வரை ரயில் என்றால் இன்னும் மூன்று நாள் சேருங்கள். ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்துப் போகலாம் என்று தோன்றும். அதற்குள், கடைசி நாள் கடக்க வேண்டிய கொங்மாரு கணவாயில் பனி விழத் தொடங்கிவிடலாம். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். வெயிலில் பனி உருகுவதால், வழியில் குறுக்கிடும் மார்க்கா ஆற்றில் பிற்பகலில் நீர் ஏறும். கால் நனைத்துக் கடக்க வேண்டிய இடங்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

தங்கும் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பனிச்சிறுத்தை ஆடுகளை அடித்துத் தின்றால் நட்டம் மேய்ப்பவருக்கு; கோபத்தில் சிறுத்தையைக் கொன்றதும் உண்டு. இதை மாற்ற, பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்கான அறக்கட்டளையை நடத்திய ரிஞ்சென் வாங்சுக் போன்றவர்கள் 2000-களின் தொடக்கத்தில் கிராமத்தாருடன் சேர்ந்து வீட்டுத் தங்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். சிறுத்தை உயிரோடு இருப்பதே வீட்டுக்கு வருமானம் என்றானது. நீங்கள் கொடுக்கும் பணம் அந்த அடுப்படிக்கே போகிறது என்பதால், கூடாரப் பயணத்தைவிட இதையே நான் மனதாரச் சொல்வேன்.

இரவுச் சாப்பாடு, காலை உணவு, வழிக்குக் கட்டிக் கொடுக்கும் மதியச் சாப்பாடு எல்லாம் வாடகையில் அடக்கம். சோறு, பருப்பு கிடைக்கும். நூடுல்ஸ் சூப்பான துக்பா, வறுத்த பார்லி மாவான சம்பா, உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் ஆகியவற்றையும் ருசியுங்கள். மார்க்கா உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி வேக நெடுநேரம் ஆகும், பசியோடு அவசரப்படுத்தாதீர்கள். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதில் மண் தள்ள வேண்டும், அது வயலுக்கு உரமாகும். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே மழை பெய்யும் நாடு அது. குளியலை லேயில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவை "ஆமா-லே" என்று கூப்பிடுங்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் "ஜூலே" ஒன்றே போதும்.

பணத்தை லேயிலேயே ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் உதவாது.

கடைசி நாள் விடியற்காலையிலேயே நிமலிங்கை விட்டுக் கிளம்பி, 5,200 மீட்டரைத் தாண்டும் கொங்மாரு கணவாயை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். மறுபுறம் சாங் சும்தோ வரை நீண்ட இறக்கம், முழங்கால் வலிக்கும். கைத்தடி இருந்தால் நல்லது. அங்கிருந்து லே நகருக்கு வரும் வண்டியை, நடை தொடங்கும் முன்பே நாள் குறித்துப் பேசி வைத்துவிடுங்கள்.