ஒரு பொட்டு இறகுக்கு இத்தனை ரகளையா!

புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவார்கள், அதுதான் இரை! அந்தப் பொய்ப்பூச்சி மிதக்க வேண்டுமா, மூழ்கலாமா என்று பெரிய மனிதர்கள் அரை நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள், தெரியுமா? இடம் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர். ஆறுகள் டெஸ்ட், இட்சென்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். அங்கே நிலத்தடியில் இருப்பது சீமைச்சுண்ணாம்புப் பாறை. டைனோசர் காலத்துக் கடலின் நுண்பாசி ஓடுகள் படிந்து படிந்து பாறையானது! மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, வடிகட்டி, ஊற்றாக நிதானமாக வெளியே விடும். கோடையோ குளிரோ, ஊற்றுநீர் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். பனி உறையும் காலையில் ஆற்றிலிருந்து ஆவி பறக்கும். ட்ரவுட் மீனின் உடம்புப் புள்ளிகளைக் கரையில் நின்றே எண்ணிவிடலாம். சிக்கல் என்னவென்றால், மீனுக்கும் நம்மை அவ்வளவு தெளிவாகத் தெரியும். அதனால்தான் கோட்டு போட்ட கனவான்கள் புல்லில் முட்டி போட்டு நகர்கிறார்கள்!

அங்கே ஈசல் மாதிரி ஒரு பூச்சி உண்டு, பெயர் மேஃப்ளை. இரண்டு வருடம் ஆற்றுச் சேற்றில் புதைந்து கிடந்துவிட்டு, சிறகு முளைத்து ஓரிரு நாளில் செத்துப்போகும். சாப்பிட உருப்படியான வாய்கூடக் கிடையாது! சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். பூச்சி உலகில் வேறெதுவும் இப்படிச் செய்வதில்லை. மே கடைசியில் இவை கூட்டமாகக் கிளம்பும்போது ட்ரவுட்டுக்குத் தலைகால் புரியாது. கண்டதையும் கவ்வும். அந்த நாட்களுக்கு வைத்திருக்கும் பெயர்: கத்துக்குட்டிகளின் இரண்டு வாரம்!

பூச்சிக்கே பிரசவ அறை கட்டியவர் ஒருவர் உண்டு. டெஸ்ட் ஆற்றில் 1822 முதல் இயங்கும் ஹௌட்டன் கிளப்பின் ஆற்றுக் காவலர் வில்லியம் லன். சிறு பூச்சிகள் தண்ணீருக்குள் இறங்கி முட்டையிடுவதைக் கவனித்து, அவற்றுக்காகவே மரப்பலகைகளை மிதக்கவிட்டார். பலகையின் அடிப்பக்கம் முழுக்க முட்டை. தின்ன வரும் புழுக்களுக்கோ எட்டாது!

இட்சென் மீனின் முட்டைகள் 1864-ல் ஐஸும் ஈரப்பாசியுமாகப் பெட்டியில் அடைபட்டு, நார்ஃபோக் கப்பலில் ஆஸ்திரேலியா போய், டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தன என்பது தனிக்கதை. இந்தத் தூண்டில் கதையில் நம் பங்கும் இருக்கிறது! மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது போல் ஒரு புள்ளி மின்னுமே, விக்டோரியா காலத்து சால்மன் தூண்டில்களுக்கு அதுதான் கண். கோழி பாவம்.

சரி, சண்டைக்கு வருவோம். ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886-லும் 1889-லும் புத்தகம் போட்டுச் சட்டம் வகுத்தார்: மீன் மேலே வந்து பூச்சி பிடித்தால்தான் தூண்டில் வீச வேண்டும்; பொய்ப்பூச்சி மிதக்க வேண்டும். பக்தர்கள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். இட்சென் கரையில் ஸ்கியூஸ் என்ற வக்கீலுக்குச் சந்தேகம் வந்தது. எலும்பு மஜ்ஜை சுரண்டும் நீளக் கரண்டியை, பிடித்த மீனின் தொண்டைக்குள் விட்டு, வயிற்றில் இருந்ததை எடுத்துத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார். பெரும்பாலும் சிறகு முளைக்காத, நீருக்கடியில் திரியும் இளம்பூச்சிகள்! பிறகென்ன, மூழ்கும் பூச்சியைக் கட்டி வீசினார். 1910-ல் அவரும் புத்தகம் போட்டார். 1938-ல் லண்டனில் விவாதமே நடந்தது. எண்பதை நெருங்கிய மனிதரை எதிர்த்தரப்பு சூழ்ந்துகொண்டது. அந்த ஆண்டோடு தன் பழைய ஆற்றுத்துறையை விட்டு விலகினார்.

1949-ல் இறந்தார். சாம்பலை இட்சென் கரையிலேயே தூவினார்கள்.