நாலு கால் பிள்ளைக்கும் ஒரு பலகார டப்பா

பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைகள், "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்று அடுக்களைக்குள் நுழையும்போது, பின்னாலேயே இன்னொரு ஜீவனும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். நாய் வளர்க்கும் வீடுகளில் இது தினப்படி நடக்கிற கூத்து. குழந்தைகளுக்கு முறுக்கு, அதற்கு? நம் தட்டில் இருப்பதிலேயே ஒரு துண்டைக் கிள்ளிப் போடுவதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் பேச நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு மணிக்கு வயது ஆறு. அசல் நாட்டு நாய். எடை பதினைந்து கிலோ. அதற்கென்று தனியாகப் பலகாரம் செய்ய நான் உட்கார்ந்ததும் மாமியார் சிரித்துவிட்டார். "நாய்க்குப் பலகாரமா! எங்க காலத்துல குழம்பு ஊத்திப் பிசைஞ்ச சோறுதான். அதையே நக்கித் தின்னுட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

நல்லாத்தான் இருந்தது, சில நாய்கள். ஆனால் எங்கள் எதிர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு விசேஷத்துக்கு மறுநாள், மிஞ்சிய கறிக்குழம்பை அவர்கள் நாய்க்கு வயிறு முட்ட வைத்தார்கள். குழம்பு நிறைய சின்ன வெங்காயமும் பூண்டும். மூன்று நாள் கழித்து நாய் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துப் போயிருந்தது; சிறுநீர் தேநீர் நிறத்தில் போயிற்று. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "வெங்காயம், பூண்டு ரெண்டும் நாயோட ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை உடைச்சிடும்மா. வேகவெச்சாலும் அந்தக் குணம் போகாது" என்றார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டு அம்மாள் அன்று அழுத அழுகையைப் பார்த்த பிறகு என் மாமியாரும் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது காரட் துருவித் தருவது அவர்தான்!

கோழிக்கறி - காய்கறி வில்லை

*தேவையான பொருட்கள்:* எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி கால் கிலோ, காரட் 1, பீன்ஸ் 6, பரங்கிக்காய் 100 கிராம், முட்டை 1, கேழ்வரகு மாவு அல்லது அரிசி மாவு ஒன்றரை கப். உப்பு, காரம், மசாலா எதுவும் வேண்டாம்.

*செய்முறை:* கறியைத் தண்ணீர் ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். காய்களைத் தனியே ஆவியில் குழைய வேகவையுங்கள். ஆறியதும் இரண்டையும் மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, முட்டையும் மாவும் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசையுங்கள். கெட்டியாக இருந்தால் கறி வெந்த தண்ணீரைத் தெளித்துக்கொள்ளலாம். கால் அங்குல கனத்துக்குத் தட்டி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் லேசாகத் தடவி, சிறு தீயில் மூடி வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு எடுங்கள். முட்டையும் மாவும் உள்ளே பச்சையாக இருக்கக் கூடாது. ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டே இறக்குங்கள். சுமார் எண்பது துண்டுகள் வரும்.

என் சின்னப் பையன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பே இல்லம்மா" என்று முகத்தைச் சுளித்தான். மணிக்கு அந்தக் குறையே தெரியவில்லை.

ஈரல் இட்லி

ஆட்டு ஈரல் அல்லது கோழி ஈரல் 100 கிராம் வேகவைத்து மசித்து, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று, முட்டை ஒன்று, அரை கப் கேழ்வரகு மாவு சேர்த்துக் கலந்து, இட்லித் தட்டில் ஊற்றிப் பதினைந்து நிமிஷம் அவித்தெடுங்கள். ஆறியதும் சின்னச் சின்னதாக நறுக்கிவிடுங்கள். பல் தேய்ந்த கிழ நாய்க்கு இது இதமாக இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஈரலில் வைட்டமின் 'ஏ' மிக அதிகம். தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும்.

அக்னி நட்சத்திரத்துக்கு

கோழிக்கறி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, வெந்த காரட், பீன்ஸ் துண்டுகளோடு ஐஸ் தட்டில் ஊற்றி வையுங்கள். உச்சி வெயிலில் ஒரு கட்டி கொடுத்தால் நக்கிக்கொண்டே இருக்கும். கடையில் விற்கும் சூப் கட்டி, சூப் பொடி வேண்டாம். அவற்றில் உப்பு மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது?

பலகாரம் சாப்பாடாகிவிடக் கூடாது. நாள் முழுவதும் நாய் சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட தீனி போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்து கிலோ எடையுள்ள நாய்க்குக் கோழி வில்லை நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. முதல் தடவை ஒரே ஒரு துண்டு கொடுத்து, வயிற்றுப்போக்கு, அரிப்பு வருகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள்.

வில்லையை ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் நான்கு நாள் இருக்கும். உறைய வைக்கும் பகுதியில் இரண்டு மாதம் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

இவை கிட்டவே வரக் கூடாது

வெங்காயம், பூண்டு பற்றிச் சொல்லிவிட்டேன். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை, பச்சைத் திராட்சை இரண்டுமே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. சாக்லேட்டும் விஷம்தான். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் சேர்க்கும் 'சைலிடால்' என்ற இனிப்பு, கொஞ்சம் போனாலும் ஆபத்து. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

கைக்குழந்தை, சின்னக் குழந்தை உள்ள தாய்மார்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஏனென்றால் திராட்சையையும் சாக்லேட்டையும் நாய்க்குப் பாசமாக ஊட்டுவது குழந்தைதான்! நாய் தின்னும்போது குழந்தையைத் தனியே பக்கத்தில் விடாதீர்கள். பச்சைக்கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய்க்கு ஊட்டிய கையையும்தான்.

சிறுநீரகக் கோளாறு, கணையக் கோளாறு, சர்க்கரை வியாதி உள்ள நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

செலவும் அதிகமில்லை, வேலையும் அதிகமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்ததும், மசாலா தடவுவதற்கு முன்பே கால் கிலோவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.